பன்னிரண்டு கெல்வின்

இந்தப் படிகம் வளர ஆறு வாரம் ஆனது.
பிளாட்டினக் கம்பியின் நுனியில், கறுப்பாய்,
உதிர்ந்த இமைமுடி அளவுக்கு.
ஷியூ லிங் மூச்சைப் பிடித்தபடி
நான்கு தங்க இழைகளை ஒட்டினாள்;
தும்மலை மட்டும் வெளியே போய்த் தும்மிவிட்டு வந்தாள்.

கென்ட் ரிட்ஜ். இரவு பத்து நாற்பது.
சன்னலுக்கு அப்பால் மழைக்கு முந்தைய புழுக்கம்.
எஃகுக் குடுவையின் அடியில்
நிமிடத்துக்கு அரை டிகிரியாக இறங்குகிறோம்.
அவசரப்பட்டால் விரிசல் விழும்.
போன மாதம் விழுந்தது.

உள்ளே மூலக்கூறுகள்
ஒன்றன்மேல் ஒன்றாய், புளோக் புளோக்காய்.
எலெக்ட்ரான்களுக்கு ஒரே நடைவழி:
முந்த முடியாது, ஒதுங்க இடமில்லை,
ஒன்று நகர்ந்தால்தான் மற்றொன்று.

திரையில் மின்தடை சரிகிறது.
ஐம்பது. இருபது. பதின்மூன்று.
பன்னிரண்டில்
கோடு செங்குத்தாய் எழுந்தது.
அலமாக், என்றாள் ஷியூ லிங், மெதுவாக.

தொற்றுக் காலத்தில் எம்ஆர்டி இருக்கைகளில்
ஒன்று விட்டு ஒன்று வில்லை ஒட்டியிருந்தார்கள்,
இங்கே அமராதீர் என்று.
இதற்குள் யாரும் எதையும் ஒட்டவில்லை.
ஒன்றின் சுழற்சி மேலே, அடுத்தது கீழே,
மறுபடி மேலே;
பக்கத்தில் இருப்பதைப் பொறுக்காத குணமே
வரிசையாகிவிட்டது.
காந்தம்தான்.
திசைகாட்டியை அருகில் கொண்டுபோனால்
முள் அசையாது.
கூட்டினால் சுழியம்.
தோ பாயோ வீட்டை விற்ற வருடம்
எங்கள் குடும்பமும் இப்படித்தான்
அமைதியாகச் சாப்பிட்டது.

இனி அழுத்தம்.
அழுத்தினால் வரிசை இன்னும் இறுகும் என்று தோன்றும்.
இறுகுவது அடுக்குகளுக்கு இடையே உள்ள வெளி;
பக்கத்து நடைவழிக்கு ஓர் எட்டு வைக்க
வழி கிடைக்கிறது. வரிசை குலைகிறது.
ஒரு கெல்வினை நெருங்கினால்
தடை என்பதே இல்லாமல் ஓடுமாம்.
பார்க்கவேண்டும்.
சுல்கிஃப்லி ஹீலியம் கொண்டுவருவது திங்கட்கிழமைதான்.

கடைசி ரயில்.
வில்லைகளை உரித்து எத்தனையோ நாளாகிவிட்டது,
பசையின் தடம்கூட இல்லை.
ஹா பர் வில்லாவில் ஏறியவர்
எனக்கு ஓர் இருக்கை விட்டு உட்கார்ந்தார்.
அடுத்து ஏறிய பெண்
அவருக்கு ஓர் இருக்கை விட்டு.

பெட்டிக்குள் அப்படியொன்றும் குளிரில்லை.
இருபத்து நான்கு டிகிரிதான்.