முத்திரையை ஒப்படைக்கும் நாள்

முதல் தேர்தல் சுவரொட்டியில் அவருக்கு மீசை கறுப்பு.
அப்போது ஒய்.பி. இல்லை, வெறும் பத்மநாதன்,
பிறை தொழிற்பேட்டையில் லாரி கம்பெனிக் கணக்கர்.
வாளியில் மாவுப்பசை கலக்கியவள் நான்.
விடியற்காலை மூன்று மணிக்கு
எதிர்க்கட்சிப் பையன் ஒருவன் பசை தீர்ந்து வந்து நின்றான்.
கொடு, என்றார். கொடுத்தேன்.
எங்கள் முகத்தின் மேலேயே ஒட்டிவிட்டுப் போனான்.

பதினைந்து வருடம்.
சேவை மையம் என்பது மாடியில் ஓர் அறை,
கீழே ஆ கியோங்கின் டயர் கடை.
ரப்பர் வாசத்தில்தான் இந்தத் தொகுதியின் துயரத்தை
வரிசை எண் போட்டு வாங்கினேன்:
சாக்கடை அடைப்பு, சிவப்பு ஐ.சி.,
லாக்கப்பில் மகன்,
பதினெட்டாவது மாடியில் ஒரு டயாலிசிஸ் நோயாளி,
மூன்று மாதமாக ஓடாத லிப்ட்.
அதற்கு மட்டும் அவரே போனார்.
நாற்காலியோடு நாலு பேராய்த் தூக்கி இறக்கினார்கள்.
படமெடுக்க வந்தவனைக் கையசைத்து நிறுத்தினார்.
அடுத்த தேர்தல் நெருங்கியபோது
"அந்தப் படம் இருந்திருக்கலாம்" என்றார்.
நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாலம் தாண்டினால் சட்டமன்றம்.
ஐந்து நிமிட உரையை மலாயில் நான் எழுதித் தருவேன்.
நிலப்பட்டா என்ற சொல் வரும் இடத்தில்
சபாநாயகரின் மணி அடித்துவிடும்.
இரண்டாம் தவணையில் அந்தச் சொல்லை
முதல் வரிக்கு நகர்த்தினேன்.
தேநீர் முடித்து யாரும் உள்ளே வந்திருக்கவில்லை.

மூன்றாம் தவணை.
ஆட்சிக்குழுவில் இடம் என்று பேச்சு அடிபட்டது.
கோட்டு தைத்தார்.
கோட்டு கல்யாண வீடுகளுக்கு ஆனது.

தண்டவாளக் கரை வீடுகளை இடித்த அன்று
அவர் ஹட்யாயில் ஒரு கருத்தரங்கில் இருந்தார்.
பயணத் தேதியைக் குறித்தது நான்.
அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை,
டிக்கெட்டை மேசையில் வைத்தேன்,
எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

தோற்றது இருநூற்றுப் பதினேழு வாக்கில்.
கட்சியில் ஏதேதோ காரணம் சொன்னார்கள்:
மழை, இளைஞர்கள், உட்பூசல்.
கரையிலிருந்து பெயர்ந்தவர்களின் பட்டியல்
என் இழுப்பறையில் இருந்தது.
எண்ணிப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று சாவி, கணினி, முத்திரை.
உறையிலிட்டு ஒட்டியும் ஆயிற்று.
அப்போது படியேறி வந்தாள் ஒருத்தி,
இடுப்பில் பிள்ளை, கையில் பிறப்புப் பதிவுப் பாரம்.
தேர்தல் நடந்ததே தெரியாதாம், பிரசவ வார்டில் இருந்தாளாம்.
சொல்ல வாயெடுத்தேன். அவர் பேனா கேட்டார்.

பெயர் எழுதினார். ஐ.சி. எண் எழுதினார்.
பதவி என்ற கட்டத்தில் பேனா நின்றது.
கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்
நின்று, மறுபடி தொடங்கியது.
கணக்கர், என்று எழுதினார்.

"இது செல்லுமாங்க?" என்றாள் அவள்
என்னைப் பார்த்து.