உபயம்

நேற்றைய கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகளை
யாரும் பிய்க்கவில்லை.
அதன்மேல்தான் பேனர் கட்டினோம்.
மனித உரிமை விழிப்புணர்வுக் கருத்தரங்கின் ஓரத்தில்
மணமகன் பெயரின் கடைசிப் பாதி
தங்க நிறத்தில் எட்டிப் பார்த்தது.

நான் முனிராஜ், சவுண்ட் சர்வீஸ், காவேரிப்பட்டணம்.
நான்கு பாக்ஸ், இரண்டு ஹாரன், மூன்று மைக், ஒரு ஜெனரேட்டர்.
காதுகுத்து, கட்சிக் கூட்டம், எருது விடும் விழா.
காரியத்துக்கு மட்டும் முன்பணம் கேட்பதில்லை.
மனித உரிமைக்கு இதுதான் முதல் தடவை.

கிருஷ்ணகிரியில் டிசம்பர் பத்தாம் தேதி
பத்து மணிக்கும் கோட்டைப் பாறையில் குளிர் இறங்கவில்லை.
கல்லூரிப் பேருந்தில் வந்த பிள்ளைகள்
வருகைப்பதிவு முடிந்ததும் செல்போனுக்குள் போனார்கள்.
கடைசி மூன்று வரிசையில்
வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் குவாரி ஆட்கள்,
இரண்டு டெம்போவில் கூட்டி வந்திருந்தார்கள்.
சாட்டின் போர்த்திய நாற்காலி
சாய்ந்தால் அழுக்காகுமென்று
விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

குத்துவிளக்கில் ஐந்தாம் திரி பிடிக்கவில்லை.
வரவேற்புரை. வாழ்த்துரை. பொன்னாடை.
பொன்னாடை. பொன்னாடை.
சென்னையிலிருந்து வந்தவருக்கு நல்ல குரல்,
மிட் கொஞ்சம் குறைத்தால் போதும்.
பிறக்கும்போதே எல்லாரும் சமம் என்றார்.
கொத்தடிமை முறையை எழுபத்தாறிலேயே
சட்டம் போட்டு ஒழித்தாகிவிட்டது என்றார்.
ழகரம் சுத்தமாக விழுந்தது.
கைதட்டல் ஆறு விநாடி,
மீட்டர் பச்சையைத் தாண்டவில்லை.

கேள்வி நேரம் நிகழ்ச்சி நிரலில் இருந்தது.
கேள்வி வருமென்று யாரும் நினைக்கவில்லை.
கம்பியில்லா மைக்கை எடுத்துக்கொண்டு ஒரு மாணவி
கடைசி வரிசைவரை போய்விட்டாள்.

"என் பேரு மாதம்மா.
இருபதாயிரம் அட்வான்ஸ் வாங்குனது எங்க ஊட்டுக்காரரு.
அவரு செத்து நாலு வருசம்.
போன வாரம் கேட்டா முப்பத்தெட்டுங்கறாங்க.
நீங்க சொன்ன சட்டத்துல
கணக்கு நோட்டு யாருகிட்ட இருக்கணும்?"

மேடையிலிருந்து அமைப்பாளர் என்னைப் பார்த்து
உள்ளங்கையைக் கீழே அழுத்தினார்.
முன்வரிசையில் நடுவில் யார் என்று
அப்போதுதான் கவனித்தேன்.
மதிய உணவு அவர் உபயம்.

ஃபேடர் இறங்கியது.
சொல்லிவிடுகிறேன், இறக்கியது நான்.
இருபது வருசத் தொழில், கை தானாகப் போகும் என்று
பிறகு என்னிடமே சொல்லிப் பார்த்தேன்.

அவளுக்கு மைக் அணைந்தது தெரியவில்லை.
கம்ப்ரசர் ஓடும் பள்ளத்தில்
வெடிக்கு ஒதுங்கச் சொல்லிக் கத்திக் கத்தி
முற்றிய தொண்டை.
"கேக்கலீங்களா?" என்று இன்னும் உரக்க
முதலிலிருந்து ஆரம்பித்தாள்.
பேர். இருபதாயிரம். நாலு வருசம். முப்பத்தெட்டு.
சமையல் கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.
பிள்ளைகள் தலை தூக்கினார்கள்.

சென்னைக்காரர் கண்ணாடியைத் துடைத்தார்.
நல்ல கேள்வி என்றார்.
பிறகு, குறை சொல்லக்கூடாது,
மேடையை விட்டு இறங்கி அவளிடம் வந்தார்.
பொன்னாடை படியிலேயே விழுந்து கிடந்தது.
தாளில் ஏதோ எழுதினார், தணிந்த குரலில் பேசினார்.
என் எந்தப் பெட்டியிலும் அது கேட்கவில்லை.

நன்றியுரையில் ஒலி அமைப்புக்கும் நன்றி சொன்னார்கள்.

ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.
சாப்பிடாமல் டெம்போவுக்கு நின்றவர்களிடமிருந்து
பிரிந்து வந்தாள் மாதம்மா.
ஹாரனை விரலால் தட்டிப் பார்த்தாள்,
கல்லைத் தட்டி உள்விரிசல் பார்ப்பதுபோல.
"இது ஒரு நாளைக்கு எவ்வளவு?"
என்ன விசேஷம் என்றேன்.
"விசேஷமெல்லாம் இல்ல. குவாரி கேட்டுக்கு முன்னால.
கணக்கு நோட்டப் படிக்கச் சொல்லப் போறோம்.
எல்லாருக்கும் கேக்கணுமில்ல,
நாங்க பாதிச் செவுடு."

அங்கே கரண்ட் கிடைக்காதே என்றேன்.
ஜெனரேட்டர் வாடகை தனி என்று வாயெடுத்து
டீசல் மட்டும் போட்டுடுங்க என்றேன்.
"எத்தனை லிட்டர்?" என்றாள்.
கணக்கில் கறாரான ஆள்தான்.