இருபது நிமிடத் தண்ணீர்

துண்டறிக்கையின் ஐந்தாம் வரி சொல்கிறது:
சூடுபட்ட கையை ஓடும் குழாய்நீரில்
இருபது நிமிடம் காட்டவும்.

எழுதியவர் வீட்டில் குழாய் இருந்திருக்கும்.

உலான்பாட்டரின் வட விளிம்பில், குன்றேறும் எங்கள் தெருவில்
தண்ணீர் என்றால்
மஞ்சள் கேன், இழுவண்டி, சாவடி வரிசை,
இமைமயிரில் உறையும் மூச்சு.
ஆறு மணிக்குச் சாவடிச் சன்னலைச் சாத்திவிடுவார்கள்.
பிள்ளைகள் சுட்டுக்கொள்வது
அதற்குப் பிறகுதான்.

என் பெயர் துலம்சுரேன்.
பையில் துண்டறிக்கைக் கட்டு, சுண்ணக்கட்டி, தையல் நாடா.
கூடாரம் கூடாரமாகக் குனிந்து நுழைகிறேன்,
வாசற்படியை மிதிக்காமல்.

எங்கும் அடுப்பு நடுவில்.
எங்கும் மின்சட்டி தரையில்,
அகல வாயைத் திறந்துகொண்டு,
உப்புத் தேநீரோ ஆட்டிறைச்சிச் சாறோ தளதளக்க.
தவழும் குழந்தைக்கு அது
கைப்பிடிச் சுவரில்லாத கிணறு.

"தரையில் வைக்காதீங்க" என்றேன்.
"பின்னே எங்கே வைக்க? மூலையிலா?"
சிரித்தார்கள்.
வட்ட வீட்டுக்கு ஏது மூலை.
நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

பிறகு பிள்ளையைத் தூணருகே நிறுத்தி
மிட்டாயைத் தூக்கிக் காட்டுவேன்.
எட்டிய விரல்நுனிக்கு நேரே ஒரு சுண்ணக்கோடு.
இதற்குக் கீழே உள்ளதெல்லாம் இவனுடையது என்பேன்.
கொதிப்பது, கூரானது, குடித்தால் கொல்வது,
எல்லாமே.
அடுத்த மாதம் வந்து
கோட்டை அழித்து மேலே போடுவேன்.

மினிபஸ் ஓட்டும் எர்கெம்பயர்
கதவிலேயே மறித்தான்:
என் பிள்ளையை எனக்குப் பார்க்கத் தெரியும்.
கொடுத்த காகிதம் அன்றே அடுப்பு மூட்ட உதவியதாம்.
சரி, எதற்காவது உதவட்டும்.

அப்புறம்தான் புத்தி வந்தது.
வீட்டுக்குள் விடாதவரும் வரிசையில் நிற்பார்.
கேன் நிரம்பும்வரை எங்கே ஓடுவார்?
சாவடி வாசலில் ஒரு தொட்டி, ஓர் அகப்பை,
என் இடக்கை.
மொண்டு ஊற்று, தொட்டியில் பிடி, மறுபடி மொள்ளு.
அரைக் கேன் போதும் இருபது நிமிடத்துக்கு.
அந்த அரைக் கேன் எந்த இரவும் வீட்டுக்குள் இருக்கணும்,
உறையாத இடத்தில்.
மாவு பூசாதே. பற்பசை பூசாதே.
வெளியே அவ்வளவு பனி கிடக்கிறதே என்றாள் ஒருத்தி.
பனியும் சுடும், தொடாதே.

எர்கெம்பயர் முதுகைக் காட்டியபடி
கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தான்.
அதில் வெளிச்சமே இல்லை.

ஜனவரியில் அவன் மகள் அனிர்
சட்டிக்குள் கைவிட்டாள்.
மணிக்கட்டுவரை.

உரன்பிலெக்தான் பிறகு சொன்னாள்:
அவர் கத்தவில்லை, ஓடவில்லை.
சட்டை கையை வெட்டிவிட்டு அகப்பையை எடுத்தார்.
பயணிகளை எண்ணுவதுபோல் உரக்க எண்ணினார்.
முந்நூறு தாண்டியும்
நிறுத்தத் தெரியவில்லை.

இதை வெற்றி என்று எழுதச் சொன்னார்கள் அலுவலகத்தில்.
இரண்டு விரல் கொப்புளம், ஐந்து வாரக் கட்டு,
இரவெல்லாம் வீரிட்ட ஒரு சின்னக் குரல்.
நான் எழுதவில்லை.

போன வாரம் அந்த வழியே போனேன்.
கதவு திறந்திருந்தது.
சட்டியைச் சுற்றி மரவேலி,
சரக்குப்பெட்டிப் பலகையில் அடித்தது,
கோணல்மாணலாய், ஆணி முனையை மடக்கி.
பக்கத்து வீட்டுக்காரர் அதன் அகலத்தை
சாணால் அளந்துகொண்டிருந்தார்.
எர்கெம்பயர் என்னைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை.
என் சுண்ணக்கட்டிக்காகக் கை நீட்டினான்.

தெருவில் நின்று
மிச்சமுள்ள துண்டறிக்கைகளை எடுத்தேன்.
ஐந்தாம் வரியில் குழாயை அடித்துவிட்டு
அகப்பை என்று எழுதினேன், ஒவ்வொன்றிலும்.
நாற்பதாவதில் பேனா மை உறைந்தது.
அக்குளில் செருகிச் சூடேற்றிக்கொண்டு
அடுத்த கதவுக்கு நடந்தேன்.