கொசுறு

பிப்ரவரி முழுக்க அந்தச் சதுப்பின் விலை
ஊர்க்கூடத்துச் சுவரில்
அட்டையில் வரைந்த வெப்பமானிக்குள்
சிவப்பு மையாய் ஏறிக்கொண்டிருந்தது.
வெளியே மைனஸ் பதினெட்டு.
உள்ளே இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் டாலர்.
இன்னும் வேண்டியது முப்பத்தெட்டாயிரம்.

நான் அறக்கட்டளையின் பொருளாளர்.
யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.
அதனாலேயே கடையில் என்னைக் கண்டதும் சிலர்
தயிர் டப்பாவின் பின்பக்கத்தை
அவ்வளவு கவனமாகப் படிக்கிறார்கள்.

அறுபத்திரண்டு ஏக்கர்.
பெத்தித் ஆன்ஸுக்குத் தெற்கே, மூடிப்போன மீன் ஆலைக்கு அப்பால்,
உப்புப்புல், சேறு, உள்ளான்களின் கால்தடம்.
நாளுக்கு இருமுறை கடல் வந்து
பாய் விரித்துச் சற்றே படுத்து
சுருட்டிக்கொண்டு போகும் இடம்.
ஹாலிஃபாக்ஸ் நிறுவனமொன்று அதில்
நாற்பது கோடைவீடுகள் வரைந்து வைத்திருந்தது.
அந்த வரைபடத்தில் கடல்
கோட்டுக்கு வெளியே
சமர்த்துப் பிள்ளையாய் நின்றது.
எங்களுக்கு மார்ச் முப்பத்தொன்று வரை கெடு.

எட்மே தீபோதோ ராப்பி பை நூற்றிருபது சுட்டாள்.
உருளைக்கிழங்கு துருவித் துருவி
நான்கு பேர் விரல்நுனியில் பிளாஸ்திரி.
தீயணைப்புப் படையினர் நன்கொடைக்குக் கார் கழுவினார்கள்,
அந்தக் குளிரில்!
கதவு உறைந்துபோய்
பங்குத்தந்தை ஜன்னல் வழியே இறங்கினார்.
மூன்றாம் வகுப்பு ஊறுகாய் ஜாடியொன்றைத் தந்தது:
அறுபத்தொரு டாலர் நாற்பது சென்ட்,
ஒரு சட்டைப் பொத்தான்.
பொத்தானை எந்தப் பத்தியில் எழுதுவது?
இதர வரவு என்று எழுதினேன்.

ஒரெய்ல் மியூஸ் மட்டும் எதிர்த்தார்.
சிங்கி இறால் படகிலிருந்து நேராக வந்து
தொப்பியைக் கழற்றாமல் எழுந்து நின்று கேட்டார்:
"வீடு வந்தால் வரி வரும்.
வரி வந்தால் பள்ளி மூடாது.
உங்கள் உள்ளான் பள்ளிக்கூடம் போகுமா?"
கூடத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை.
என் மகள் படிப்பதும் அந்தப் பள்ளியில்தான்.
வகுப்பில் ஒன்பது பேர்.
நான் கணக்குநோட்டைப் புரட்டினேன்,
விடை அதில் இருப்பதுபோல.

மார்ச் இருபத்தொன்பது, கடைசி விருந்து.
வெப்பமானியில் ஒரு விரற்கடை வெள்ளை மிச்சம்:
நாலாயிரத்து நூறு.
கொடுக்க வேண்டியவர்கள் கொடுத்தாயிற்று.
சிலர் இரண்டுமுறை.
மேசையில் ஒற்றை ராப்பி பை, ஓரம் கொஞ்சம் கருகியது.
எட்மே அதைத் தூக்கிக் காட்டி
ஏலம், பதினைந்து டாலரில் தொடங்கலாம் என்றாள்.
இருபது. இருபத்தைந்து.

"நாலாயிரத்து நூறு."

பின்வரிசை. அதே தொப்பி.
தூண்டில்மீன் வாடையோடு ஒரு காகித உறை
கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது.
எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது
எரிச்சலாகச் சொன்னார்:
"என் கருத்து மாறவில்லை. பசிக்கிறது, அவ்வளவுதான்."
அங்கேயே உட்கார்ந்து தின்றார்,
கருகிய ஓரம் உட்பட.

பத்திரம் ஜூனில் கைக்கு வந்தது.
எல்லை பார்க்க நாங்கள் முப்பது பேர்
ரப்பர் பூட்ஸில் இறங்கினோம்.
அளவையாளர் நட்ட ஆறு முளைகளில்
மூன்று ஓதத்துக்குள்.
எங்கள் சொத்துக்குள் கடல்
அனுமதி கேட்காமல் நடந்து வந்தது.
பிறகு கொசுக்கள்.
விலை பேசியபோது
அவற்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.
காதுக்குள், இமைக்குள், பேசத் திறந்த வாய்க்குள்.
ஒரெய்லும் வந்திருந்தார்,
நாய் நடக்க வேண்டுமென்று காரணம் சொல்லி.
புறங்கையில் ஒன்றை அடித்துவிட்டுச் சொன்னார்:
"கொசுறு."

செப்டம்பரில் மகளின் வகுப்பில்
ஏழு பேர்தான் இருப்பார்களாம்.
நோட்டைத் திறந்து அதையும் குறித்து வைத்தேன்,
பொத்தானுக்கு அடுத்த வரியில்.
வரவா செலவா
என்ற இடத்தை மட்டும் நிரப்பவில்லை.