பூமி என்பது ஓட்வாரின் தலை

சூரியனைப் பார்த்து ஐம்பத்து மூன்று நாள்.
ஸ்வால்பார்ட், டிசம்பர், கடற்கரையில் ஒரு மரக்குடில்.
காற்றுமானி பழுதுபார்க்க வந்தவள் நான்,
என்னை ஏற்றி வந்த நாய்வண்டிக்காரன் ஓட்வார்,
வெளியே சங்கிலியில் ஏழு நாய்கள்.

இந்த மாதத்தில் இங்கே நிலா
உதிப்பதில்லை, மறைவதும் இல்லை.
முழுமையை ஒட்டி ஒன்பது நாள்
கூரையைச் சுற்றிக்கொண்டே இருக்கும்,
முளையில் கட்டிய நாயைப்போல.
அந்த ஒன்பது நாளுக்குள் போய்வர வேண்டும்.
அதில் நாலைந்தைப் புயல் தின்றுவிட்டது,
கதவைத் திறக்கக்கூட விடவில்லை.

காற்று நின்றதும் வெளியே வந்தோம்.
வலது ஓரம் தேய்ந்திருந்தது நிலா.
"பூமியோட நிழல் கடிக்க ஆரம்பிச்சாச்சு" என்றான்.
"நிழல் இல்லை."
"பின்னே?"
"அது பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கு. அவ்வளவுதான்."
அவன் நம்பவில்லை.
தோற்றவர் குடிதண்ணீருக்குப் பனிக்கட்டி வெட்டுவது
என்று பேசிக்கொண்டோம்.

தலைவிளக்கைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.
அடுப்பின் வாயை மூடினேன்.
ஒரு கைப்பிடிப் பனியை உருட்டி
முள்கரண்டியில் குத்தி அவன் கையில் கொடுத்தேன்:
நீட்டிப் பிடி, நின்ற இடத்திலேயே
இடப்பக்கமாக மெல்லத் திரும்பு.

விளக்குக்கு நேரே பிடித்தபோது
உருண்டை கறுத்துக் கிடந்தது.
கொஞ்சம் திரும்பினான்: வலப்பக்கம் ஒரு நகக்கீறல்.
இங்கே குளிர்காலத்தில் யாரும் பார்க்காத பிறை,
சூரியனோடு சேர்ந்து தரைக்கு அடியிலேயே கிடப்பது,
ஒரு கரண்டி நுனியில் வந்து நின்றது.
இன்னும் திரும்பினான்: பாதி.
மீன்பெட்டியில் முழங்கால் இடித்தது, திட்டினான்,
திரும்பினான்: முக்காலுக்கும் மேல்.
நான் எதிர்ச்சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
எனக்கு அந்த உருண்டை மாறவே இல்லை.
எப்போதும் விளக்கைப் பார்த்த பாதி வெள்ளை,
எப்போதும் மறுபாதி கறுப்பு.

விளக்குக்கு முதுகு காட்டியதும்
உருண்டை சட்டென்று அணைந்தது.
"பார், நிழல்!" என்று கத்தினான்.
"உன் தலையின் நிழல். கையை உயர்த்து."
உயர்த்தினான். முழுசாக வெளுத்தது.
நிலாவின் பாதை சற்றே சாய்ந்தது,
பெரும்பாலும் நம் நிழலுக்கு மேலோ கீழோ தப்பிவிடும்.
தப்பாத இரவில்தான் கிரகணம்,
அதுவும் முழுநிலாவுக்கு மட்டும்.
வெளியே நிற்கும் தேய்ந்ததற்கும் அந்த நிழலுக்கும்
சம்பந்தமே இல்லை.

"அப்போ என் தலைதான் பூமி" என்றான்,
தொப்பியைச் சரிசெய்தபடி.
முழங்கை வரை சொட்டியிருந்தது நிலா.
மறுபடி கேட்டான்:
"ஒரு சுத்து முடிய எத்தனை நாள்?"
இருபத்தேழேகால்.
"முழுநிலாவுக்கு முழுநிலா இருபத்தொம்பதரையாச்சே?"
நாமும் சும்மா நிற்கவில்லையே ஓட்வார்,
அது சுற்றி முடிப்பதற்குள்
சூரியனைச் சுற்றி நாமும் நகர்ந்துவிடுகிறோம்,
எட்டிப் பிடிக்க அதற்கு இன்னும் இரண்டு நாள்
ஓடவேண்டியிருக்கிறது.

பதில் சொல்லாமல் கோடரியை எடுத்துக்கொண்டு போனான்.

இரண்டு மணி நேரத்தில் கிளம்பினோம்.
பனியாற்றின் மேல் ஈய நிறத்தில் வெளிச்சம்,
நாய்களின் மூச்சு முதுகுக்கு முதுகு உறைந்தது.
நிலா எங்களுக்கு நேர் முன்னால்.
நாளைக்கோ மறுநாளோ
அடிவானத்தைத் தொட்டு முங்கத் தொடங்கும்.
வெகுநேரம் அவன் ஒன்றும் பேசவில்லை.

பிறகு வண்டியை நிறுத்தாமலே
வலது கையுறையைப் பல்லால் கழற்றி
நிலாவின் வெளுத்த இடக்கன்னத்தைச் சுட்டினான்.
அங்கிருந்து விரலை இழுத்துக்கொண்டே வந்தான்,
மலைக்கு மேலாக, எங்கள் இடத்தோளைத் தாண்டி,
முதுகுக்குப் பின்னால், கீழே,
பனிக்கும் அடியில் ஓர் இடத்தில்
கொண்டுவந்து நிறுத்தினான்.

"அங்கே இருக்கு" என்றான்.
கையுறையை மாட்டிக்கொண்டான்.