மூன்று மில்லிமீட்டர்

கீழிமை ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைத் தொங்கவிட்டு
ஐந்து நிமிடம்
டாக்டர் க்யூல்லி கடிகாரத்தைப் பார்க்கிறார்.
வலது, மூன்று மில்லிமீட்டர்.
இடது, ஒன்று.
அந்த ஒன்றையும் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுகிறார்.

தார்த்து நகரில் பிப்ரவரி.
எமயோகி ஆற்றின் மேல் பனி, பனியின் மேல் வெயில்.
ஊரே வெயில் பார்க்க வெளியே வந்த நாளில்
திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்,
பதினாறு வருடம் ஏழாம் எண் பேருந்து ஓட்டியவள்.

காலையில் இமைகள் ஒட்டிக் கிடக்கும்.
அவசரப்பட்டுத் திறந்தால்
கருவிழியின் தோலும் கூடவே உரிந்து வருமாம்.
அதனால் முதலில் காது விழிக்கிறது,
பிறகு மூக்கு, பக்கத்து வீட்டுக் காப்பி,
பிறகு ஈரத்துணி,
கடைசியில்தான் நான்.

மஜ்ஜை தந்தவன் டார்மோ, என் தம்பி.
ஒரு படகு விற்ற பணத்துக்காக
ஒன்பது வருடம் என்னோடு பேசாதவன்.
மருத்துவமனைக் கடிதம் கிடைத்ததும்
மரம் ஏற்றிய லாரியோடே வந்து நின்றான்.
தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும், சரி.
ஆடிய சதை அடிக்கவும் செய்யும் என்று
யாரும் சொல்லவில்லை.
அவன் அணுக்கள் என் ரத்தத்தைச் சீராக்கின.
பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தன.
கண்ணீர்ச் சுரப்பியிடம் போய்
நீ யார் என்று கேட்டன.

இப்போது என் சொட்டு மருந்தை
என் ரத்தத்திலிருந்தே வடிக்கிறார்கள்.
உறைபெட்டியில் பட்டாணிக்கும் காட்டுப்பழத்துக்கும் நடுவே
மஞ்சள் மஞ்சளாய் இருபத்தெட்டுக் குப்பிகள்.
ஒவ்வொன்றிலும் என் பெயர்: மாரிகா.
ஓ வகையாய்ப் பிறந்தவள்,
டார்மோவைப் போல இன்று ஏ.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான்.
பூட்ஸில் மரத்தூள்,
கையில் புகையில் வாட்டிய மீன் ஒரு பொட்டலம்.
என் கை தடுமாறுவதைப் பார்த்துக் குப்பியை வாங்கிக்கொண்டான்.
அவன் கை இன்னும் மோசம்.
முதல் சொட்டு கன்னத்தில், அடுத்தது காதில்.
"அசையாதே" என்றான், அசையாத என்னிடம்.
மூன்றாவது உள்ளே விழுந்தது.

"எரிகிறதா?"
"நீ எப்போது எரியாமல் இருந்தாய்?"

அவன் சிரிக்கவில்லை.
சன்னல் பக்கம் திரும்பி
மூக்கை உறிஞ்சினான்,
சட்டைக்கையால் முகத்தைத் துடைத்தான்,
மறுபடியும் துடைத்தான்.
எத்தனை மில்லிமீட்டர் இருக்கும் என்று
மனசுக்குள் அளந்துகொண்டிருந்தேன்.
பொறாமையாக இருந்தது.

படகைப் பற்றி இன்றும் யாரும் வாயெடுக்கவில்லை.
மீனில் உப்பு அதிகம்.
சொல்லாமல் சாப்பிட்டேன்.