அண்டர்

அறை பதினெட்டின் அனாருல்
சாயங்காலம் மொட்டைமாடிக்கு ஏறி வந்து
வடக்கே கையை நீட்டினார்.
"ரிவர்?"
"ரிவர்" என்றேன்.
"வாட்டர்?"
அங்கே பையன்கள் மட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.
சீமைக்கருவேல நிழலில் ஒரு மாடு.
பந்து போய் விழுந்த இடம்
நடுப் பாலாறு.

புதுப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற லாட்ஜில்
மோட்டார் போடுவது என் வேலை.
போடுவது, அணைப்பது,
தொட்டி வழிந்தால் திட்டு வாங்குவது.
எனக்குத் தெரிந்த இங்கிலீஷ்
ரூம் உண்டு, ரூம் இல்லை, வெந்நீர் ஆறு மணிக்கு.
முர்ஷிதாபாத்திலிருந்து வந்த அவருக்குத் தெரிந்தது
ஸ்கேன், பில், டாக்டர் எப்போது.
இரண்டு பேருக்கும் பொதுவில்
நாற்பது சொல் தேறும்.
அதற்குள் ஓர் ஆற்றை எப்படி அடைப்பது?

"அண்டர்" என்று தரையைக் காலால் தட்டினேன்.
அது மூன்றாம் மாடித் தளம்.
அடியில் அறை பதினெட்டுதான் இருந்தது.
நல்லவேளை, சிரித்துவிட்டார்.

கொடியில் ஒரு புடவை.
காலையில் அவரே துவைத்துப் பிழிந்து போட்டது.
"மார்னிங் வெட். நௌ?"
தொட்டுப் பார்த்தார். "ட்ரை."
"வாட்டர் எங்கே?"
எங்கே என்பது தமிழ் என்று
அப்புறம்தான் உறைத்தது.
அவர் அதற்குள் வானத்தைப் பார்த்துவிட்டார்.

எங்களுக்கு அது ஆவி.
இட்லிக் குண்டானிலிருந்து கிளம்பினாலும் ஆவி,
உடம்பை விட்டுக் கிளம்பினாலும் ஆவி.
ஆட்டோவில் அறுபது ரூபாய்த் தூரத்தில்
அவர் மனைவி கட்டிலில் கிடக்கையில்
அந்தச் சொல்லை நான் பெயர்க்கவில்லை.
"ஸ்டீம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

கையை மேகமாக்கி
சின்டெக்ஸ் தொட்டியில் மோதினேன். அதுதான் மலை.
"ரெயின்!" என்று முந்திக்கொண்டார்.
மழைக்கு மட்டும் அவரிடம் பஞ்சமே இல்லை,
பத்து விரலாலும் விதவிதமாகப் பெய்து காட்டினார்.
தூறல், சாரல், அடைமழை என்று நான் சொல்லச் சொல்ல
ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பேர் சொன்னார்.
எது எதற்கென்று எனக்குப் புரியவில்லை.
நனைந்த மாதிரி மட்டும் இருந்தது.

டீ வந்தது. ரஸ்க்கைத் தோய்த்தேன்.
ஏறியது, ஏறியது, விரல்வரை ஏறியது.
"சாண்ட்" என்றேன். "சாண்ட் ட்ரிங்க். சாண்ட் கீப்."
தலையாட்டினார். பிறகு
பாலத்தின் தூண்களைக் காட்டினார்.
ஈறு தேய்ந்த பல்போல
வேர்க்கால் தெரிய அவை நின்றன.
"சாண்ட்?"
"லாரி."
அந்தச் சொல் அவருக்கும் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரம் ரஸ்க் மட்டும் நொறுங்கியது.

"மை ரிவர் ஈட் ஹவுஸ்" என்றார்,
இரண்டு விரலை மடக்காமல். "டூ டைம்."
பத்மா கரையில் முதல் வீடு,
தள்ளிக் கட்டிய அடுத்த வீடு.
"ஹியர், வீ ஈட் ரிவர்" என்றேன்.
என் இலக்கணம் பிசகிவிட்டதென்று நினைத்து
பொறுமையாகத் திருத்தினார்:
"நோ, நோ. ரிவர் ஈட்."

ராத்திரி பத்துக்கு மோட்டார் போட்டேன்.
முன்னூற்றிருபது அடி.
முதலில் காற்று, அப்புறம் இருமல்,
அப்புறமும் காற்று.
வாளியோடு வந்த அனாருல்
குழாய்மேல் உள்ளங்கையை வைத்தார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
எனக்குச் சத்தம் கேட்பதற்கு முன்னால்
"கோல்ட்" என்றார். "கமிங்."

நாளை வீடு திரும்பலாமாம்.
இன்னொரு புடவையை அலசி
சரியாகப் பிழியாமல் கொடியில் போட்டார்.
அது சொட்டியது.
சொட்டு சேர்ந்து கோடாகி
தளத்தின் சரிவைத் தானே கண்டுபிடித்து
மூலைத் துளைக்குள் நுழைந்தது.
இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
"அண்டர்" என்றார்.

அதற்குள் தொட்டி வழிந்துவிட்டது.
கீழேயிருந்து முதலாளி கத்துகிறார்,
இன்னாடா பண்றே மேல?